பாம்புக்கடி: பொய்த்த அறிக்கையைத் திரும்பப் பெறுவது அவமானமல்ல

வடகிழக்குப் பருவமழை பிடித்து வயல்களில் நீர் கட்டியதும் எலி வளைகள் நிரம்பிவிடுகின்றன. எலி மேட்டை நாடுகிறது. எலியை நாடிப் பாம்பும் வருகிறது. வரப்பு, வைக்கோல் போர், விறகுக் கட்டு, வீட்டுத் திண்ணை என்று அது எங்கும் தங்கும். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஏரிப் பாசன கிராமங்களில் இது ஆண்டுதோறும் காணும் காட்சி. ஊருக்குள் இருக்கும் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளுக்கும் இது புதிதல்ல. குழித்தறி உள்ள வீடுகளில் இருட்டிய பிறகு குழிக்குள் காலை இறக்கும் முன் விளக்கடித்துப் பார்ப்பது நல்லது. கழனியில் நிற்பவருக்கும் தறியில் உட்காருபவருக்கும் ஆபத்து ஒன்றே.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியை அவசியம் தெரிவிக்கப்பட வேண்டிய நோய்களின் வரிசையில் சேர்த்தது. 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டப்படி இந்த அறிவிப்பு வந்தது. அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் பாம்பு கடித்து வருபவர்களைப் பற்றிய விவரத்தை இனி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். விவசாயிகள் வரவேற்க வேண்டிய உத்தரவு இது. ஆனால் அறிக்கை அனுப்பினால் மட்டும் போதாது. அந்த அறிக்கை நம்பத்தக்கதா, அதில் சொல்லப்படுவதற்கு ஆதாரம் இருக்கிறதா, ஆதாரம் இல்லை என்று பின்னால் தெரிந்தால் அதைத் திரும்பப் பெறும் துணிவு இருக்கிறதா என்பவையே முக்கியமான கேள்விகள்.

திரும்பப் பெறுதல் என்றால் என்ன?

ஒரு டாக்டர் தம்மிடம் வந்த நோயாளியின் வரலாற்றையும், கொடுத்த சிகிச்சையையும், கண்ட பலனையும் எழுதி மருத்துவ இதழுக்கு அனுப்புகிறார். இதழ் அதை அச்சிடுகிறது. வேறு ஊர் டாக்டர்கள் அதைப் படித்துத் தங்கள் நோயாளிகளுக்கும் அதே முறையைக் கையாளுகிறார்கள். சில ஆண்டுகளில் அது பாடப் புத்தகத்திலும் ஏறிவிடுகிறது. பிறகு அந்த அறிக்கையின் ஆதாரம் சரியில்லை என்று தெரிய வந்தால், "இதை இனி யாரும் நம்ப வேண்டாம்" என்று இதழே பகிரங்கமாக அறிவிப்பது உண்டு. இதுதான் திரும்பப் பெறுதல். மோசடி நடந்தால்தான் இப்படிச் செய்ய வேண்டும் என்பதில்லை. நல்ல எண்ணத்துடன் எழுதியதாக இருந்தாலும், முடிவு நம்பத்தக்கதல்ல என்று தெளிவாகத் தெரிந்தால் திரும்பப் பெறலாம் என்பதே இதழாசிரியர்களுக்கு வகுக்கப்பட்டுள்ள நெறி.

உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. லண்டனிலிருந்து வரும் 'லான்செட்' இதழ் 1998ல் 12 குழந்தைகளைப் பற்றிய ஓர் அறிக்கையை வெளியிட்டது. தட்டம்மை முதலிய 3 நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசிக்கும் மன இறுக்க நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்ற பயத்தை அது கிளப்பியது. பல நாடுகளில் பெற்றோர் தடுப்பூசிக்கு அஞ்சினர். அந்த அறிக்கையை இதழ் முழுமையாகத் திரும்பப் பெற்றது 2010ல். இடையில் கழிந்த 12 ஆண்டுகளில் விளைந்த கெடுதலை எந்த அறிவிப்பாலும் சரிக்கட்ட முடியவில்லை. திரும்பப் பெறுவது என்று ஏற்பட்டால் அதைக் காலத்தில் செய்ய வேண்டும் என்பது இதிலுள்ள பாடம்.

விவசாயிக்கு இந்த விதி புரியாத ஒன்றல்ல. நெல் விதைக்குக் குறைந்தது 80 சதவீத முளைப்புத் திறன் இருக்க வேண்டும் என்பது தரச் சான்று விதி. பரிசோதனையில் அது தேறாவிட்டால், மூட்டையில் எவ்வளவு அழகாக அச்சடித்திருந்தாலும் அந்த விதையை விற்கக்கூடாது. நெசவாளருக்கும் இது தெரியும். ஊடையில் ஓர் இழை தவறிப் போயிருப்பதைக் கண்டவர், அதன் மேலேயே நெய்து கொண்டு போக மாட்டார். தவறிய இடம் வரை பிரித்துவிட்டுத்தான் மறுபடி நாடாவைக் கையில் எடுப்பார். பிரிப்பதால் அரை நாள் உழைப்பு வீண்தான். பிரிக்காவிட்டால் புடவையே வீண். விதைக்கும் புடவைக்கும் உள்ள இந்த ஒழுங்கு, உயிர் சம்பந்தப்பட்ட அறிக்கைக்கு வேண்டாமா?

நூற்றில் எண்பத்தைந்து

பாம்புக்கடியைப் பொறுத்தவரை, சரியில்லாத ஆதாரம் மற்ற நோய்களைவிட மிக எளிதாக உள்ளே நுழைந்துவிடுகிறது. இதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது.

இந்தியாவில் சுமார் 300 வகைப் பாம்புகள் உள்ளன. அவற்றில் விஷமுள்ளவை ஏறக்குறைய 60 வகைதான். அரசின் சிகிச்சை வழிகாட்டியில் சொல்லப்படும் கணக்குப்படி, பாம்புக்கடிகளில் 70 சதவீதம் விஷமற்ற பாம்புகளால் நேர்பவை. மீதியுள்ள விஷப் பாம்புக் கடிகளிலும் பாதியளவில்தான் உடலில் விஷம் ஏறுகிறது. மற்றப் பாதியில் பல் பட்டும் விஷம் இறங்குவதில்லை. இதை 'வறட்டுக் கடி' என்று சொல்லலாம்.

அப்படியானால் 100 பேரைப் பாம்பு கடித்தால், 70 பேரைக் கடித்தது விஷமற்ற பாம்பு. மீதி 30 பேரில் 15 பேருக்கு விஷம் ஏறவில்லை. உண்மையில் விஷம் ஏறியவர்கள் 15 பேர் மட்டுமே. இந்த விகிதம் இடத்துக்கு இடம் கூடலாம், குறையலாம். ஆனால் இதிலிருந்து தெரியும் உண்மை மாறாது. அந்த 100 பேருக்கும் ஒருவர் வேப்பிலை அடித்தாலும், பச்சிலைச் சாறு கொடுத்தாலும், பாம்புக் கல்லை ஒட்டினாலும், வெறும் தண்ணீரைக் கொடுத்தாலும் 85 பேர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார்கள். அந்த 85 பேரும் தங்களைப் பிழைக்க வைத்தது அந்த வைத்தியம்தான் என்று சாகும் வரை சொல்லிக் கொண்டிருப்பார்கள். இறந்து போனவர் வந்து மறுத்துச் சொல்லப் போவதில்லை. அவரைப் பற்றி "நேரம் கடந்து கொண்டு வந்தார்கள்" என்று ஒரு வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும்.

கிராமத்து வைத்தியரை மோசக்காரர் என்று சொல்வதற்காக இந்தக் கணக்கு இல்லை. அவர் பெரும்பாலும் நல்லவர். காசு வாங்காமல் மருந்து கொடுப்பவர்களும் உண்டு. கண்ணெதிரே 85 பேர் பிழைப்பதைக் காண்பவர் தம் மருந்தை நம்புவதில் ஆச்சரியமில்லை. படித்த டாக்டரும் இதே வலையில் விழ முடியும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒரு புது மருந்தையோ புது முறையையோ பத்துப் பாம்புக்கடி நோயாளிகளுக்குக் கொடுத்து, பத்துப் பேரும் பிழைத்தார்கள் என்று எழுதினால் அது அறிக்கை போலத் தோன்றும். பத்துப் பேரையும் கடித்தது எந்தப் பாம்பு, விஷம் ஏறியதற்கு ரத்தத்தில் என்ன அடையாளம் கண்டார்கள் என்ற இரண்டும் இல்லாவிட்டால் அது வேப்பிலைக் கணக்கைவிட உயர்ந்ததல்ல.

ஒரு எச்சரிக்கை. 85 பேருக்கு ஒன்றும் ஆகாது என்பதால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கலாம் என்று யாரும் எண்ணக்கூடாது. கடிபட்டவர் 85ல் ஒருவரா 15ல் ஒருவரா என்பது கடித்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. ஆகவே 100 பேரும் போகத்தான் வேண்டும்.

தஞ்சாவூர் மாத்திரையின் கதை

இந்தச் சிக்கல் இன்று நேற்று ஏற்பட்டதல்ல. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில், சென்னை ராஜதானியில் 'தஞ்சாவூர் மாத்திரை' என்ற ஒரு பாம்புக்கடி மருந்து பெரும் பெயர் பெற்றிருந்தது. அதில் பாஷாணம் சேர்ந்திருந்தது. அதனால் பிழைத்தோர் என்று பலரைச் சொல்வார்கள்.

கம்பெனியில் இயற்கை ஆராய்ச்சியாளராக இருந்த டாக்டர் பாட்ரிக் ரஸ்ஸல் இந்தப் பேச்சை அப்படியே ஏற்கவில்லை. கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் இவர் பெயரை ஒட்டியதுதான். கடித்த பாம்பு விஷமுள்ளதா என்பதே தெரியாமல் மருந்தின் பலனை எப்படி அளப்பது என்பது அவர் முன் நின்ற கேள்வி. முதலில் பாம்புகளை இனம் பிரித்து அறிய முற்பட்டார். சோழ மண்டலக் கடற்கரைப் பகுதிப் பாம்புகளைச் சேகரித்து, படங்களுடன் 1796ல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். நாய்களையும் கோழிகளையும் தெரிந்த பாம்பால் கடிக்கவிட்டு அறிகுறிகளைக் குறித்தார், மாத்திரையையும் சோதித்தார். பெயருக்கேற்ற பலன் அதில் இல்லை என்பது தெரிந்தது.

பிற்பாடு ஜோசப் ஃபேய்ரர் என்ற டாக்டர் கல்கத்தாவில் இதே வழியில் சோதனைகள் நடத்தினார். அவருடைய பாம்பு நூல் 1872ல் வெளிவந்தது. அன்று புழக்கத்திலிருந்த எந்த மருந்தும் உண்மையான விஷமுறிவு மருந்தாக அவருக்குத் தோன்றவில்லை. குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் விஷமுறிவு மருந்து 1890களில்தான் பிறந்தது. பழைய மருந்துகள் பலன் தருகின்றன என்ற பொய் நம்பிக்கை உடைந்திராவிட்டால் புதியதைத் தேடும் அவசியமே யாருக்கும் தோன்றியிராது. பொய்த்ததை ஒதுக்குவது மெய்யானதற்கு இடம் விடுவதாகும்.

அச்சேறிய மின்சார வைத்தியம்

பழைய காலத்தில்தான் இப்படி, இப்போது நடக்காது என்று நினைப்பதற்கில்லை. 1986ல் 'லான்செட்' இதழிலேயே ஒரு கடிதம் வெளியாயிற்று. தென் அமெரிக்காவிலுள்ள ஈக்வடார் நாட்டில் பணியாற்றிய மருத்துவக் குழுவினர் எழுதியது அது. ஆஸ்பத்திரி வசதி இல்லாத காட்டுப் பகுதியில் பாம்பு கடித்தவர்களுக்குப் படகு மோட்டார் போன்றவற்றிலிருந்து உயர் அழுத்த மின்சாரத்தைக் கடிவாயில் பாய்ச்சியதாகவும், நல்ல குணம் கண்டதாகவும் அதில் எழுதியிருந்தார்கள். மின்சாரம் கொடுக்கப்படாத மற்றொரு பிரிவினருடன் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு அல்ல அது.

செய்தி உலகெங்கும் பரவிற்று. காட்டில் நடைப்பயணம் போகிறவர்களுக்கென்று கையடக்க மின் அதிர்ச்சிக் கருவிகள் விற்பனைக்கு வந்தன. பிறகு எலி போன்ற பிராணிகளில் செய்த சோதனைகளில் மின்சாரத்தால் எந்தப் பலனும் காணப்படவில்லை. மின்சாரம் கொடுத்ததால் காயம் அதிகமான நிகழ்ச்சிகளும் வெளிவந்தன. இன்று எந்தச் சிகிச்சை நெறியிலும் இந்த முறைக்கு இடமில்லை. செய்யக்கூடாதவற்றின் பட்டியலில்தான் அது இருக்கிறது. எழுதியவர்கள் ஏழை மக்களுக்கு உதவ நினைத்தவர்களே. ஆனால் நல்ல எண்ணம் ஆதாரம் ஆகாது. பெரிய இதழின் பெயரும் ஆதாரம் ஆகாது. கடிதமாக வந்த ஒரு பக்கச் செய்தி, கடையில் விற்கும் கருவியாக மாற அதிக காலம் பிடிக்கவில்லை.

பெயர் மாறினால் மருந்து மாறும்

ஆதாரம் பிசகும் இன்னொரு வழி, கடித்த பாம்புக்குத் தவறான பெயர் சூட்டுவது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் நாட்டில் அதிகம் பேரைக் கொல்பவை என்று நீண்ட காலமாகக் கருதப்படுகின்றன. விஷமுறிவு மருந்தும் இந்த நான்கின் விஷத்துக்கு எதிராகத்தான் தயாராகிறது. ஆகவே ஆஸ்பத்திரிக்கு ஒரு பாம்பை அடித்துக் கொண்டு வந்தால், அதற்கு இந்த நான்கு பெயர்களில் ஒன்றை வைத்துவிடும் பழக்கம் தானாக வந்துவிட்டது.

கேரளத்தில் இதன் விளைவு வெளிப்பட்டது. மூக்கு நுனி எடுப்பாக நிற்கும் ஒரு சிறு குழிவிரியன் அங்குள்ள தோட்டங்களிலும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியிலும் உண்டு. இந்தியாவில் இதன் கடி உயிருக்கு ஆபத்தானதல்ல என்ற எண்ணம் இருந்துவந்தது. இது கடித்து, ரத்தம் உறையாமல், சிறுநீரகம் கெட்டு வந்தவர்களைச் சுருட்டை விரியன் கடித்தவர்கள் என்று எண்ணி விஷமுறிவு மருந்து கொடுத்தார்கள். மருந்து கேட்கவில்லை. 2007ல் ஒரு மருத்துவக் குழு, கொண்டு வரப்பட்ட பாம்புகளையே ஆதாரமாக வைத்து இனம் கண்டு, கடித்தது குழிவிரியன் என்பதையும், அது உயிருக்கே ஆபத்து விளைவிக்கும் என்பதையும், இங்குள்ள மருந்து அதற்குப் பயன்படவில்லை என்பதையும் நிலைநாட்டியது. முன்பு எழுதி வைத்த தவறான பெயர்கள் இந்த உண்மையை எத்தனை காலம் மறைத்திருந்தன என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டிலும் பெயர் மயக்கத்துக்குக் குறைவில்லை. மண்ணுளிப் பாம்பைக் கண்ணாடி விரியன் என்று எண்ணி அடிக்கிறார்கள். பூனைப் பாம்பைச் சுருட்டை விரியன் என்கிறார்கள். கட்டு விரியனைப் போலவே கறுத்த உடலில் வெள்ளைப் பட்டைகளுடன் வீட்டுச் சுவரில் ஏறும் விஷமற்ற சிறு பாம்பு ஒன்று உண்டு. அது கடித்துப் பிழைத்தவர் 'கட்டு விரியன் கடித்தும் பிழைத்தேன்' என்கிறார். இவருடைய கதையை நம்பி, உண்மையான கட்டு விரியன் கடித்தவரை விடியும் வரை வீட்டில் வைத்திருந்தால் என்ன ஆகும்? கட்டு விரியன் கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இராது. தரையில் படுத்திருப்பவருக்கு நள்ளிரவில் கடித்ததே தெரியாமல் போவதும் உண்டு. விடியற்காலையில் வயிற்று வலி, கண் இமை சரிதல், நாக்குக் குழறுதல் என்று தொடங்கி மூச்சில் வந்து முடியும்.

மருந்து தயாரிப்பிலும் இதன் பாதிப்பு உண்டு. செங்கற்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், விஷம் எடுத்து மருந்து தயாரிப்பாளர்களுக்கு வழங்கி வந்துள்ளது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, சில வாரங்கள் வைத்து விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடும் முறை அவர்களுடையது. அந்தச் சமூகத்தின் திறமைக்கு அடையாளமாக மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எந்தப் பகுதியில் எந்தப் பாம்பு கடிக்கிறது என்ற சரியான விவரம் இருந்தால்தான், எந்தப் பாம்பின் விஷத்தை எங்கிருந்து எடுத்து மருந்து செய்ய வேண்டும் என்பது தெரியும். 2019ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழக ஆராய்ச்சியாளர்கள் உள்ளிட்ட குழுவினர், இந்த நான்கைத் தவிர்த்த வேறு சில விஷப் பாம்புகளுக்கு இப்போதைய மருந்து போதிய பலன் தரவில்லை என்று ஆய்ந்து கூறினர். தவறான அறிக்கைகளின் மேல் இந்தத் தேவையைக் கணக்கிட முடியாது.

சிகிச்சைக்கு வேண்டாம், அறிக்கைக்கு வேண்டும்

இங்கே ஒரு குழப்பம் வரக்கூடாது. பாம்பின் பெயர் தெரிந்தால்தான் சிகிச்சை என்று யாரும் எண்ண வேண்டாம். நான்கு விஷங்களுக்கும் ஒரே மருந்துதான் என்பதால், டாக்டர் நோயாளியைப் பார்த்தே சிகிச்சை செய்கிறார். சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் சிறிது ரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கிறார். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று கொள்ளலாம். இமை சரிந்து, விழுங்க முடியாமல், மூச்சுத் திணறினால் நல்ல பாம்பு அல்லது கட்டு விரியன் என்று கொள்ளலாம். விஷத்தின் அளவு ஆளைப் பார்த்து மாறுவதில்லை; ஆகவே குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்து ஒரே அளவுதான். இதற்கெல்லாம் பாம்பைக் கொண்டு வரத் தேவையே இல்லை.

ஆனால் "இந்தப் பாம்பு கடித்து இந்த நோய் வந்தது", "இந்தப் பாம்பின் விஷம் இந்த மருந்தால் நீங்கியது" என்று ஊருக்குச் சொல்லும் அறிக்கைக்கு அடையாளம் கட்டாயம் வேண்டும். பாம்பின் உடலோ தெளிவான புகைப்படமோ இருந்து, விவரம் தெரிந்தவர் பார்த்து இனம் சொல்லியிருக்க வேண்டும். அல்லது நோயாளியின் ரத்தத்தில் அந்த விஷத்தைச் சோதனையில் கண்டிருக்க வேண்டும். "கறுப்பாக, நீளமாக இருந்தது" என்று பயந்து நடுங்கும் நோயாளி சொன்னது சிகிச்சைக் குறிப்பில் எழுதத் தகும். விஞ்ஞான அறிக்கைக்கு அது தகாது. இந்த வேறுபாட்டை மறந்து அச்சேறிய அறிக்கை எதுவானாலும், எவ்வளவு பெரிய டாக்டர் எழுதியதானாலும், அதை இதழ் திரும்பப் பெறுவதே முறை.

இரண்டு ஆட்சேபணைகள்

கிராமப்புற ஆஸ்பத்திரிகளில் நிபுணர்கள் இல்லை. இத்தனை ஆதாரம் கேட்டால் அறிக்கையே வராது என்று சிலர் சொல்லக்கூடும். இது நியாயமான கவலை. ஏற்கெனவே பாம்புக்கடிச் சாவுகளின் எண்ணிக்கை மிகக் குறைவாகவே பதிவாகி வந்திருக்கிறது. வீடு வீடாகச் சென்று சாவின் காரணத்தை விசாரித்த பெரிய ஆய்வு ஒன்று, 2005ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 45,900 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பிட்டது. 2011ல் வெளியான அந்த மதிப்பீடு, ஆஸ்பத்திரிகள் மூலம் வந்த அரசுக் கணக்கைவிட 30 மடங்குக்கும் அதிகம். 2020ல் வெளியான அடுத்த ஆய்வு, 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்கு சராசரி 58,000 பேர் இறந்ததாகச் சொன்னது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமவாசிகள்.

ஆனால் இதற்கு விடை, ஊகத்தை எழுதி அனுப்புவதல்ல. "பாம்புக்கடி, விஷ அறிகுறி உண்டு, எந்தப் பாம்பு என்று தெரியவில்லை" என்று எழுதினால் அதுவும் அறிக்கைதான், உண்மையான அறிக்கை. எண்ணிக்கைக்கு அது முழுவதும் பயன்படும். 'தெரியவில்லை' என்ற சொல்லுக்கு வெட்கப்பட்டுக் கட்டத்தை ஏதாவது ஒரு பெயரால் நிரப்புவதுதான் கெடுதல்.

டாக்டர்களே தங்கள் அறிக்கையைத் திரும்பப் பெற்றால் ஜனங்களுக்கு ஆஸ்பத்திரி மேல் இருக்கும் கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் போய்விடாதா, மந்திரிப்பவரிடம் அல்லவா ஓடுவார்கள் என்பது இரண்டாவது ஆட்சேபணை. சற்று யோசித்தால் இது தலைகீழ் என்று தெரியும். மந்திரத்துக்கும் மருத்துவத்துக்கும் உள்ள வித்தியாசமே, மந்திரம் தன் தவற்றை ஒருநாளும் ஒப்புக்கொள்வதில்லை என்பதுதான். பூச்சிமருந்து நல்லதென்று சொன்ன அதே விஞ்ஞானம்தான் பின்னால் சில பூச்சிமருந்துகள் வேண்டாம் என்றும் சொல்லிற்று. எண்டோசல்பான் 2011ல் தடை செய்யப்பட்டபோது விவசாயிகள் விஞ்ஞானத்தை வெறுக்கவில்லை. தவறு தெரிந்தபின் மறைத்து வைத்தால்தான் நம்பிக்கை போகும்.

செய்ய வேண்டியவை

மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்ட தேசியச் செயல்திட்டம், பாம்புக்கடிச் சாவுகளை 2030க்குள் பாதியாகக் குறைப்பதை இலக்காக வைத்திருக்கிறது. இலக்கை அளக்க நம்பகமான கணக்கு வேண்டும். மாவட்டந்தோறும் பாம்பு இனம் சொல்லத் தெரிந்த ஒருவரை ஆஸ்பத்திரிகள் புகைப்படம் மூலம் கலந்து கொள்ள ஏற்பாடு செய்வது பெரிய செலவல்ல. வனத்துறையினரும், பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இருளர்களும் இருக்கும்போது ஆளுக்குப் பஞ்சமும் இல்லை. பாம்புக்கடி பற்றிய கட்டுரைகளை வெளியிடும் இதழ்கள், இனம் கண்டவர் யார், எதைப் பார்த்துக் கண்டார் என்பதைக் கேட்காமல் அச்சிடக்கூடாது. பழைய கட்டுரைகளில் ஆதாரம் இல்லாதவற்றைத் தேடித் திரும்பப் பெற வேண்டும்.

விவசாயிகளும் நெசவாளர்களும் தங்கள் பங்குக்குச் செய்யக் கூடியவை உள்ளன. பாம்பை அடிக்கவோ பிடிக்கவோ முயல வேண்டாம். அப்படி முயலும்போது இரண்டாவது கடி வாங்குவதும் உண்டு. வெட்டுண்ட தலையும் சிறிது நேரம் கடிக்கும். தூர இருந்து கைபேசியில் படம் எடுக்க முடிந்தால் எடுக்கலாம். அதற்காக ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், கை கால்களை அசைக்காமல் வைத்து, 108க்குச் சொல்லியோ கிடைத்த வண்டியிலோ விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே கொண்டு போக வேண்டும். மோதிரம், வளையல், மெட்டி இவற்றை உடனே கழற்றிவிட வேண்டும். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கூடாது. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கை கால் அழுகக்கூடும். விரியன் கடியில் கீறினால் ரத்தம் நிற்காது. வயலில் ரப்பர் பூட்ஸ், இரவில் டார்ச் விளக்கு, படுக்கக் கட்டில், அதன்மேல் ஓரங்களைச் செருகிய கொசுவலை என்ற நான்கும் எந்த மருந்தையும்விட மலிவானவை.

ஆஸ்பத்திரியில் "எந்தப் பாம்பு?" என்று கேட்டால், பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும், பார்க்காவிட்டால் பார்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும். கூட வந்த பத்துப் பேர் பத்துப் பெயர் சொன்னால் டாக்டரின் கவனம் சிதறும், பதிவும் கெடும். தெரியாததைத் தெரியாது என்று நோயாளி சொல்லவும், டாக்டர் அப்படியே எழுதவும், தவறாக அச்சானதை இதழ் திரும்பப் பெறவும் பழகினால், அடுத்த மழைக்காலத்தில் கடிபடுபவருக்குச் சரியான மருந்து நேரத்தில் கிடைக்க வழி பிறக்கும்.